ஓடும் கணினியில் ஹார்டு டிஸ்க் செருகினால் தெரியவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் தெரிகிறது

பேரேடு_காரைக்குடி எழுதியது:

வீட்டில் இருக்கும் பர்மா, மலேயா காலத்துக் கணக்குப் பேரேடுகள், இசைகுடிமானங்கள் (திருமண ஒப்பந்த ஏடுகள்), கடிதக் கட்டுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறோம். ஏ3 அளவுப் பக்கம் ஒன்றை 600 டிபிஐ வண்ணத்தில் டிஃப் கோப்பாக எடுத்தால் அதுவே 200 எம்பிக்கு மேல் வருகிறது. 1 டிபி இடத்தில் ஐயாயிரம் பக்கம்கூடக் கொள்ளவில்லை. அதனால் டிஸ்க் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை.

சேமிக்கும் கணினி ஒரு டெஸ்க்டாப், உபுண்டு 22.04. முன்பக்கம் டிஸ்க்கை அப்படியே தள்ளிச் செருகும் நான்கு பே உண்டு. பேக்குப் பவர், பவர் சப்ளையின் சாட்டா (டிஸ்க்குகளுக்கான இணைப்பு முறை) கனெக்டர் வழியாகவே போகிறது. ஸ்கேனர் பக்கத்தில் இரண்டு விண்டோஸ் 10 கணினிகள், சாம்பா ஷேர் (நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்புறை) வழியாகப் பகல் முழுக்க இதில் எழுதுகின்றன. நடுவில் அணைக்க முடியாது. மூன்று சிக்கல்கள்:

முதலாவது, புது 4 டிபி டிஸ்க்கை ஓடும்போதே செருகினால் சுழலும் சத்தம் கேட்கிறது, பட்டியலில் வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக வருகிறது.

இரண்டாவது, மேசைமேல் வைக்கும் 8 டிபி எக்ஸ்டர்னல் பெட்டி ஒன்றின் அடாப்டர் போய்விட்டது. உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி பேயில் போட்டால் சுழலவே இல்லை. ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லை. அதில் முக்கியமான ஸ்கேன்கள் இருக்கின்றன.

மூன்றாவது, பழைய லேப்டாப்பின் 2.5 இன்ச் டிஸ்க்கை யுஎஸ்பி கேபிளில் மாட்டினால் 'டிக் டிக்' என்று சத்தம், வந்து வந்து போகிறது.

---

கோட்டையூர்_லினக்ஸ் பதில்:

முதல் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் அண்ணே. டிஸ்க் சுழல்கிறது என்றால் மின்சாரம் போகிறது. ரீஸ்டார்டில் வருகிறது என்றால் டிஸ்க்கும் கேபிளும் நன்றாக இருக்கின்றன. ஆக, 'புதிதாக ஒன்று வந்திருக்கிறது' என்ற செய்தி போர்ட்டிலிருந்து கர்னலுக்கு (உபுண்டுவின் மையப் பகுதி) போகவில்லை. அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்.

ஒன்று பயாஸ் (கணினி கிளம்பும்போதே வரும் மதர்போர்டு அமைப்பு). சாட்டா மோடு ஏஎச்சிஐ என்று இருக்க வேண்டும். பழைய முறையான ஐடிஇ என்று இருந்தால் ஓடும்போது செருகுவதற்கு வழியே இல்லை. ஏஎச்சிஐ இருந்தாலும் பல மதர்போர்டுகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'ஹாட் பிளக்' என்று தனி வரி இருக்கும், அது டிஸேபிள் ஆகவே வரும். பே மாட்டியிருக்கும் நான்கு போர்ட்டுக்கும் அதை எனேபிள் செய்யுங்கள். இதற்கு ஒருமுறை ரீஸ்டார்ட் தேவைப்படும், ராத்திரி ஸ்கேனர்கள் நின்ற பிறகு செய்துவிடலாம். ஐடிஇயிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றினால் உபுண்டு பேசாமல் பூட் ஆகும். விண்டோஸ் கணினியில் முன்னேற்பாடு இல்லாமல் அதே மாற்றத்தைச் செய்தால் நீலத்திரையில் நிற்கும். ஸ்கேனர் கணினிகளில் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: மின்சிக்கன அமைப்பு. காலியாக இருக்கும் போர்ட்டின் இணைப்பைக் கர்னல் தூங்க வைத்துவிடும். தூங்கும் போர்ட்டில் டிஸ்க் செருகினால் அந்த அதிர்வு யாருக்கும் கேட்காது. சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் எஸ்சிஎஸ்ஐ_ஹோஸ்ட், அதற்குள் ஹோஸ்ட்0, ஹோஸ்ட்1 என்று போர்ட்டுக்கு ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 'லிங்க்_பவர்_மேனேஜ்மென்ட்_பாலிசி' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். 'மின்_பவர்' என்றோ 'மெட்_பவர்_வித்_டிஐபிஎம்' என்றோ இருந்தால் 'மேக்ஸ்_பெர்ஃபார்மன்ஸ்' என்று எழுதுங்கள். ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும் என்பதால் ஒரு யுடெவ் விதியில் (சாதனம் தென்படும்போது தானாக ஓடும் அமைப்பு) நிரந்தரமாகப் போட்டுவிடுவது நல்லது.

இப்போதே ரீஸ்டார்ட் இல்லாமல் வேண்டுமென்றால், அதே ஹோஸ்ட் கோப்புறையில் 'ஸ்கேன்' என்ற கோப்பு இருக்கிறது. எக்கோ கட்டளையால் மூன்று சிறுகோடுகளை நடுவில் இடம் விட்டு (- - -) அதற்குள் எழுதினால், எல்லாச் சேனலும் எல்லா இலக்கும் எல்லா அலகும் தேடு என்று பொருள். எந்த ஹோஸ்ட் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் எழுதலாம், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகாது.

செருகும்போது பக்கத்தில் ஒரு டெர்மினலில் டிமெசெஜ் கட்டளையை -டபிள்யூ சேர்த்து ஓட விடுங்கள். 'சாட்டா லிங்க் அப் 6.0 ஜிபிபிஎஸ்' என்று வந்து, அடைப்புக்குள் எஸ்ஸ்டேட்டஸ் 133 என்று இருந்தால் எல்லாம் சரி. அந்த மூன்று இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடைசி இலக்கம் 3 என்றால் டிஸ்க் இருக்கிறது, பேச்சும் தொடங்கிவிட்டது. 1 என்றால் ஏதோ இருப்பது தெரிகிறது, பேச்சு கிடைக்கவில்லை. கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள். 0 என்றால் போர்ட் பார்வையில் அங்கே எதுவுமே இல்லை. நடு இலக்கம் வேகம்: 1 என்றால் 1.5, 2 என்றால் 3, 3 என்றால் 6 ஜிபிபிஎஸ். 6 ஓட வேண்டிய டிஸ்க் 123 அல்லது 113 காட்டினால் கேபிள் நல்லதில்லை என்று கொள்ளுங்கள். ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்வது) 199ஆம் எண் சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே போனாலும் அதே அர்த்தம்தான். டிஸ்க்கை மாற்ற வேண்டாம், கேபிளை மாற்றுங்கள்.

---

தேவகோட்டை_வன்பொருள் பதில்:

ரெண்டாவதும் மூணாவதும் கரண்ட் விஷயம்தாங்க.

8 டிபி டிஸ்க் செத்துப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க. சாட்டா பவர் கனெக்டர்ல 15 பின். முதல் மூணும் 3.3 வோல்ட். 3.5 இன்ச் டிஸ்க் அந்த 3.3 வோல்ட்டைப் பயன்படுத்துறதே இல்லை, அதுக்கு வேண்டியது 5ம் 12ம்தான். பிற்பாடு வந்த சாட்டா விதியில 3ஆம் பின்னுக்கு வேற வேலை கொடுத்துட்டாங்க: அதுல 3.3 வோல்ட் இருக்கிறவரைக்கும் டிஸ்க் அணைஞ்சே இருக்கணும். பெரிய சர்வர்கள்ல ஒரு டிஸ்க்கைத் தூரத்திலிருந்து அணைச்சுப் போட இந்த ஏற்பாடு. பெட்டிக்குள்ள வர்ற பெரிய டிஸ்க் பலதுல இது இருக்கு. உங்க பவர் சப்ளை பழைய வழக்கப்படி 3ஆம் பின்னுக்கு எப்பவும் 3.3 கொடுத்துக்கிட்டே இருக்கு, டிஸ்க்கும் சொன்ன பேச்சைக் கேட்டு அணைஞ்சே கிடக்கு.

கேப்டன் டேப்னு மஞ்சளும் பழுப்புமா ஒரு டேப் கிடைக்கும், செல்போன் சர்வீஸ் கடைகள்ல வச்சிருப்பாங்க. 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கோங்க. டிஸ்க் பின்பக்கம் குட்டையா 7 பின் இருக்கிறது டேட்டா, நீளமா 15 பின் இருக்கிறது பவர். டேட்டாவை ஒட்டின ஓரத்திலிருந்துதான் பவர் பின் எண்ணிக்கை தொடங்குது. அந்த ஓரத்து மூணு பின்னையும் மூடி ஒட்டுங்க. 4ஆம் பின் கிரவுண்டு, அது மேல டேப் ஏறக் கூடாது. பூதக்கண்ணாடி வச்சு ஒருதரம் பாத்துட்டுச் செருகுங்க. கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் வேண்டாம். நம்ம பக்கத்து சித்திரை வெயிலுக்குப் பசை இளகி நகர்ந்துடும், பே உள்ளேயே ஒட்டிக்கும்.

மோலெக்ஸ்லேருந்து (பழைய நாலு பின் பவர் கனெக்டர்) சாட்டாவுக்கு மாத்துற கேபிள் போட்டாலும் 3.3 வராது, டிஸ்க் சுழலும். ஆனா பின்னைச் சுத்தி பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு கேபிள்கள் உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கிறது தெரிஞ்ச ஆபத்து. ஆள் இல்லாத நேரத்துலயும் ஓடுற கணினியில அதைப் போடாதீங்க.

ஓடும்போது செருகுறதுக்கு நேரான சாட்டா கனெக்டர் ஏன் நல்லதுன்னா, அதுல பின்னெல்லாம் ஒரே நீளம் இல்லை. கிரவுண்டு முதல்ல தொடும், அடுத்து முன்மின்னூட்டப் பின்கள், கடைசியாத்தான் மத்தது. டிஸ்க்குல இருக்கிற கெப்பாசிட்டர் மெதுவா நிரம்பும், மத்த டிஸ்க்குக்குப் போற வோல்டேஜ் சட்டுன்னு இறங்காது. ஆனாலும் 3.5 இன்ச் டிஸ்க் சுழல ஆரம்பிக்கிற நொடிகள்ல 12 வோல்ட்ல ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். நாலு பேயையும் ஒரே ஸ்ப்ளிட்டர்ல தொங்க விட்டிருந்தா, புதுசு ஒண்ணு செருகும்போது பழசு ரீசெட் ஆகும். ரெண்டு பேக்கு ஒரு லைன்னு பவர் சப்ளையிலிருந்து பிரிச்சுக் கொடுங்க. செருகும்போது பாதியில தயங்காம ஒரே தள்ளா உள்ளே தள்ளணும். அதுக்கு முன்னாடி கேபினெட்டோட பெயிண்ட் இல்லாத இரும்புல கை வச்சுக்கோங்க. கனெக்டர்ல செம்மண் தூசி படிஞ்சிருந்தா வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிச்சா அரிக்கும்; கை புளோயர் போதும்.

மூணாவது: 2.5 இன்ச் டிஸ்க் கிளம்பும்போது 1 ஆம்பியர் வரை கேக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்க வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. கேபினெட் முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே நீளமா ஒரு வயர் போகுது, அதுலயும் கொஞ்சம் இறங்கும். வேகம் எடுக்க முடியாம ஹெட் திரும்பத் திரும்ப இடத்துக்குப் போய் உக்காருற சத்தம்தான் அந்த டிக் டிக். பின்பக்க நீலப் போர்ட்ல, குட்டைக் கேபிள்ல, நடுவுல எக்ஸ்டென்ஷன் இல்லாம மாட்டிப் பாருங்க. இல்லேன்னா தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப். கரண்ட் நல்லா கொடுத்தும் டிக் டிக் நிக்கலைன்னா ஹெட் பழுது; உடனே கழட்டிடுங்க, இன்னொரு தடவை பாப்போம்னு மாட்டிக்கிட்டே இருந்தா தட்டுல கோடு விழுந்து மீட்கவே முடியாம போயிடும்.

---

பேரேடு_காரைக்குடி:

ரொம்ப நன்றி. ஹோஸ்ட் கோப்புகளில் 'மெட்_பவர்_வித்_டிஐபிஎம்' என்றுதான் இருந்தது. மாற்றிய பிறகு 4 டிபி செருகிய சில நொடியில் லிங்க் அப், 133. லேப்டாப் டிஸ்க் பின்பக்க நீலப் போர்ட்டில் சத்தமில்லாமல் ஓடுகிறது.

8 டிபி டேப் ஒட்டியதும் சுழல்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது. ஆனால் உபுண்டுவில் பார்ட்டிஷன் எதுவும் தெரியவில்லை. விண்டோஸ் கணினியில் மாட்டினால் 'டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும், எம்பிஆரா ஜிபிடியா' என்று கேட்கிறது. ஜிபிடி கொடுத்துவிடலாமா?

---

கண்டனூர்_டேட்டா பதில்:

கொடுக்காதீங்க தம்பி. கேன்சல் பண்ணிட்டு அந்த விண்டோஸ்லேருந்து டிஸ்க்கைக் கழற்றி வச்சிடுங்க. இனிஷியலைஸ்னா டிஸ்க்கோட தலைப்புல புதுப் பார்ட்டிஷன் பட்டியல் (எம்பிஆர், ஜிபிடி ரெண்டும் அதோட வகை) எழுதுறது. 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்தலாம்'னு வர்ற கேள்வியும் அதே ரகம். புது டிஸ்க்குக்கு மட்டும்தான் ரெண்டுக்கும் சரின்னு சொல்லணும். (புதுசுக்கு ஜிபிடிதான். எம்பிஆர்ல 512 பைட் செக்டருக்கு 2 டிபி தாண்ட முடியாது.)

உங்க டேட்டா பெரும்பாலும் அப்படியே இருக்கு, படிக்கிற முறைதான் மாறிப்போச்சு. பெட்டிக்குள்ள டிஸ்க்குக்கும் யுஎஸ்பிக்கும் நடுவுல ஒரு சின்னப் பலகை இருந்திருக்குமே, அது சும்மா வயர் மாத்துற பலகை இல்லை. சில பெட்டிகள்ல அது டிஸ்க்கை 4096 பைட் செக்டராக் (டிஸ்க்கைப் பிரிச்சு எண்ணுற சின்னத் துண்டு) காட்டும். பேயில நேராப் போட்டா அதே டிஸ்க் 512 பைட் செக்டராத் தெரியும். ஜிபிடி பட்டியல் எப்பவும் இரண்டாவது செக்டர்ல இருக்கணும். பெட்டியில எழுதும்போது அது 4096ஆவது பைட்ல விழுந்திருக்கு, இப்ப கணினி 512ஆவது பைட்ல தேடுது. வேற சில பெட்டிகள்ல அந்தப் பலகை, நீங்க பாஸ்வேர்டு வைக்காட்டாலும், எழுதுறது எல்லாத்தையும் குறியாக்கம் செஞ்சே எழுதும். அந்தப் பலகை இல்லாம டிஸ்க்கை எங்கே போட்டாலும் குப்பையாத்தான் தெரியும்.

போனது அடாப்டர் மட்டும்தானே? அப்ப டேப்பைக் கழற்றி டிஸ்க்கைப் பழைய பெட்டியிலேயே வச்சு, பெட்டியில எழுதியிருக்கிற அதே வோல்ட், அதே முனை, அதே ஆம்பியர் அல்லது கூடுதல் உள்ள அடாப்டர் வாங்கிப் போடுங்க. பொதுவா 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். ஆனா பெட்டியில இருக்கிற படத்தைப் பார்த்தே வாங்கணும். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் முனை பொருந்துதேன்னு செருகிட்டா பலகையும் போகும், டிஸ்க்கும் போகலாம்.

அடாப்டர் வர்றவரைக்கும் பொறுக்க முடியலைன்னா, செக்டர் வித்தியாசம்தானான்னு உபுண்டுவில எழுதாமலே பார்க்கலாம். லோசெட்அப் கட்டளைக்கு -ஆர் (படிக்க மட்டும்), பெரிய எழுத்துல -P (பார்ட்டிஷனைத் தேடு), சின்ன எழுத்துல -b 4096 (செக்டர் அளவு), -எஃப் (காலி லூப்பை, அதாவது பாவனை டிஸ்க் ஒண்ணை, தானே எடு) கொடுத்து அந்த டிஸ்க்கைக் காட்டுங்க. லூப் சாதனத்துக்குக் கீழே பார்ட்டிஷன் வந்தா டேட்டா கைக்கு வந்தாச்சு, அதைப் படிக்க மட்டும்னு மவுண்ட் செஞ்சு (ஒரு கோப்புறையோட இணைச்சு) நகல் எடுத்துக்கலாம். வரலைன்னா குறியாக்கம்னு வச்சுக்கிட்டுப் பெட்டிக்கே போங்க.

கிடைச்சதும் முதல் வேலை நகல். 8 டிபி முழுசா இருந்தா யுஎஸ்பி 3.0ல நொடிக்கு 150 எம்பி கணக்குல 15 மணி நேரம் ஆகும். தவறி யுஎஸ்பி 2.0 போர்ட்ல மாட்டினா 35 எம்பி கணக்குல இரண்டரை நாள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துற நாளைப் பார்த்துட்டுத் தொடங்குங்க. கணினியோட பெட்டி அடாப்டரும் யுபிஎஸ்லயே இருக்கணும். கணினி ஓடிக்கிட்டிருந்து டிஸ்க் மட்டும் அணைஞ்சாலும் அடி ஒண்ணுதான். நகலுக்கு ஆர்சிங்க் போடுங்க, நடுவுல நின்னாலும் விட்ட கோப்பிலிருந்து தொடரும்.

---

பேரேடு_காரைக்குடி:

லோசெட்அப்பில் பார்ட்டிஷன் வந்துவிட்டது ஆச்சி! கோப்புகள் திறக்கின்றன, நகல் ஓடுகிறது. இனி நிரம்பிய டிஸ்க்கை ஓடும்போதே கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். முறை என்ன? அன்மவுண்ட் கொடுத்தால் சில நேரம் 'டார்கெட் பிஸி' என்று மறுக்கிறது.

---

கோட்டையூர்_லினக்ஸ் பதில்:

செருகுவதைவிடக் கழற்றுவதில்தான் கோப்புகள் போகின்றன. நகலெடுக்கும் பட்டை 100 விழுக்காடு தொட்டதும் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கர்னல் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு ஆற அமர எழுதும். ப்ராக் கோப்புறையில் 'மெம்இன்ஃபோ' கோப்பைத் திறந்தால் 'டர்ட்டி' என்ற வரியில் இன்னும் எழுதப்படாதது எவ்வளவு என்று தெரியும். சிங்க் கட்டளை கொடுத்தால் எல்லாம் இறங்கிய பிறகே டெர்மினல் திரும்பும்.

'டார்கெட் பிஸி' வந்தால் -எல் சேர்த்துச் சோம்பேறி அன்மவுண்ட் கொடுக்காதீர்கள். பெயர் பட்டியலிலிருந்து மறையும், உள்ளே எழுதுவது நிற்காது. ஃப்யூசர் கட்டளைக்கு -விஎம் கொடுத்து மவுண்ட் இடத்தைக் காட்டினால் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வரும். உங்கள் அமைப்பில் பெரும்பாலும் அது சாம்பாதான். எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளை கொடுத்தால் எந்த ஸ்கேனர் கணினி எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்றே சொல்லும். அந்த ஷேரை மூடி அன்மவுண்ட் செய்த பிறகு, 'டிஸ்க்ஸ்' செயலியில் பவர் ஆஃப் பொத்தானை அழுத்துங்கள், அல்லது சிஸ், பிளாக், டிஸ்க் பெயர், டிவைஸ் என்று உள்ளே போய் 'டெலீட்' கோப்பில் 1 எழுதுங்கள். தட்டு நின்றுவிடும் சத்தம் வரை, ஒரு 20 நொடி பொறுத்து வெளியே எடுங்கள். சுழலும் தட்டோடு டிஸ்க்கைத் திருப்பினால் ஹெட் தட்டைத் தொடும் ஆபத்து இருக்கிறது.

விண்டோஸ் பக்கம் வெளியேற்ற மறுத்தால் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, கர்னல்-பிஎன்பி 225 என்ற எண்ணைத் தேடுங்கள். தடுத்த புரோகிராமின் பெயரே இருக்கும். விண்டோஸ் 10ல் 1809 பதிப்பிலிருந்து யுஎஸ்பி டிஸ்க்குகள் 'குவிக் ரிமூவல்' முறையில்தான் வருகின்றன. அப்படியிருந்தும் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அந்தக் கோப்பு போனதுதான்.

---

புதுவயல்_எஸ்எஸ்டி:

இடையில் ஒரு கேள்வி. மதர்போர்டில் இருக்கும் எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டியையும் இப்படி ஓடும்போது மாற்றலாமா?

---

தேவகோட்டை_வன்பொருள் பதில்:

கூடாது. டெஸ்க்டாப் எம்.2 இடம் அதுக்குச் செஞ்சது இல்லை. கணினியை அணைச்சு, மெயின் சுவிட்சையும் அணைச்சுட்டுத்தான் தொடணும். ஓடும்போது மாத்தியே ஆகணும்னா சர்வர்ல வர்ற யு.2 பே வேணும், இல்லேன்னா எம்.2வை யுஎஸ்பி பெட்டியில போட்டுப் பயன்படுத்துங்க.

பேரேடு அண்ணனுக்கு இன்னொண்ணு. டிஸ்க்கை அடிக்கடி எடுத்துப் போடுறது பே வழியாவே நடக்கட்டும். பேக்பிளேன் (பேக்குப் பின்னாடி இருக்கிற பலகை) கனெக்டருக்கு விதிப்படி 500 தடவை, சாதாரண உள் சாட்டா கேபிளுக்கு 50 தடவைதான்.

---

கண்டனூர்_டேட்டா பதில்:

டிஸ்க் மாறி மாறி வரும்னா எஃப்எஸ்டேப் கோப்பையும் (எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆகணும்னு சொல்றது) சரி பண்ணிடுங்க தம்பி. எஸ்டிபி, எஸ்டிசின்னு பெயர் போட்டிருந்தா இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு வேற ஒண்ணுன்னு மாறும், யுயுஐடி (மாறாத அடையாள எண்) போடுங்க. கூடவே 'நோஃபெயில்' சேர்க்கணும். இல்லேன்னா டிஸ்க் இல்லாம ரீஸ்டார்ட் ஆகும்போது 90 நொடி காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுல நிக்கும்.

நோஃபெயில் போட்டதும் வேற ஒரு ஆபத்து வருது. டிஸ்க் மவுண்ட் ஆகலைன்னாலும் அந்தக் காலிக் கோப்புறை அங்கேயே இருக்கும். ஸ்கேனர் கணினிகள் அதுக்குள்ளேயே எழுதும், எல்லாம் உபுண்டு இருக்கிற டிஸ்க்குல போய் விழும். அது நிரம்பினா மொத்தக் கணினியும் நிக்கும். அதனால டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரம் பார்த்து, அந்தக் காலிக் கோப்புறைக்கு சிஎச்ஆட்டர் கட்டளையில +ஐ கொடுத்துப் பூட்டிடுங்க. மவுண்ட் ஆனா டிஸ்க்குல வழக்கம்போல எழுதலாம். மவுண்ட் ஆகலைன்னா ரூட்டே ஆனாலும் அதுல எழுத முடியாது, ஸ்கேனர் கணினியில உடனே பிழை வரும், டிஸ்க் உள்ளே இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுடும்.